தானமா, பேரமா, பங்களிப்பா: அறிவியல் நூலகங்களுக்கான பன்னாட்டுக் கூட்டுகள்

அறிவியல், தொழில்நுட்ப நூலகத்தில் வேலை பார்ப்பவருக்கு இரண்டு தலைவலிகள். இதழ்களின் சந்தா விலை எட்டாத உயரத்தில் இருக்கும். வாசகர் கேட்பதோ ஒன்று போன வாரம் வந்த கட்டுரை, இல்லையென்றால் அறுபது ஆண்டுக்கு முந்தைய மாநாட்டுத் தொகுதி. எவ்வளவு பெரிய நூலகமானாலும் தனியாக இதைச் சமாளிக்க முடியாது. அதனால்தான் நாடு கடந்த கூட்டுறவு. ஆனால் அந்தப் பெயரில் நடப்பவை எல்லாம் ஒரே ரகம் இல்லை. நான் எடை போடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான்: நாளைக்கே அந்தத் திட்டம் நின்றுபோனால் நூலகத்தின் கையில் என்ன மிஞ்சும்?

ரிசர்ச்4லைஃப்: வாசல் பெரிது, சாவி வேறொருவரிடம்

2002-இல் உலக சுகாதார நிறுவனம் ஆறு பெரிய பதிப்பாளர்களோடு சேர்ந்து மருத்துவ இதழ்களுக்கான ஹினாரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வேளாண்மைக்கு அகோரா, 2006-இல் சுற்றுச்சூழலுக்கு ஓஏஆர்ஈ, 2009-இல் தொழில்நுட்பத்துக்கு ஆர்டி, 2018-இல் சட்டத்துக்கு கோலி. இன்று எல்லாம் ரிசர்ச்4லைஃப் என்ற ஒரே குடையின் கீழ் இருக்கின்றன. மிக ஏழை நாடுகளின் நிறுவனங்களுக்கு இலவசம், அடுத்த படியில் உள்ளவற்றுக்குச் சிறிய கட்டணம். தொழில்நுட்ப நூலகருக்கு முக்கியமானது உலக அறிவுசார் சொத்து நிறுவனம் நடத்தும் ஆர்டி. அதே நிறுவனம் காப்புரிமைத் தரவுத்தளங்களுக்கென்று ஆஸ்பி என்ற திட்டத்தையும் தனியாக நடத்துகிறது. இது பல பொறியியல் நூலகங்களின் கண்ணில் படுவதே இல்லை.

தகுதி இருந்தால் இன்றே பதிவு செய்ய வேண்டியது இதுதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தகுதியை முடிவு செய்வது நூலகத்தின் தேவை இல்லை, நாட்டின் பொருளாதாரக் கணக்கு. தலைக்கு வருமானம் குறைவாக இருந்தாலும் மொத்தப் பொருளாதாரம் பெரிதென்றால் வெளியே நிற்க வேண்டியதுதான். இந்தியா அப்படித்தான் நிற்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கும் உத்தரவாதம் கிடையாது. குறிப்பிட்ட நாட்டை விலக்கி வைக்கும் உரிமை பதிப்பாளர்களிடம் இருக்கிறது. 2011 ஜனவரியில் வங்கதேச நிறுவனங்களுக்கு ஹினாரி வழியே கிடைத்துவந்த இதழ்களைச் சில பெரிய பதிப்பாளர்கள் நிறுத்தினார்கள். மருத்துவ இதழ்களிலேயே கண்டனம் கிளம்பியது, பிறகு திறந்துவிட்டார்கள். திறந்தது நல்ல விஷயம்தான். ஆனால் நிறுத்தியபோது பதிப்பாளரிடம் காட்டிக் கேட்பதற்கு, பேரம் பேசிப் போட்ட ஓர் ஒப்பந்தம் அங்கிருந்த நூலகர் கையில் இல்லை.

ஈஐஎஃப்எல்: கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுப்பது

1999-இல் ஜார்ஜ் சோரோஸின் திறந்த சமூக நிறுவனத்தின் முயற்சியாகப் பிறந்தது ஈஐஎஃப்எல் என்ற நூலக உதவி அமைப்பு. சோவியத் கூட்டணி கலைந்த பிறகு கையில் காசில்லாமல் நின்ற கிழக்கு, மத்திய ஐரோப்பிய நூலகங்கள்தான் ஆரம்பத்தில் கணக்கில் இருந்தன. பிறகு ஆப்பிரிக்கா, ஆசியா என்று விரிந்தது. வழி எளிது: ஒவ்வொரு நாட்டிலும் நூலகங்கள் கூட்டமைப்பாகத் திரள வேண்டும், அந்தக் கூட்டமைப்புகள் சார்பில் பதிப்பாளரிடம் ஒரே குரலில் பேரம் பேச வேண்டும். வளரும் நாடுகளின் ஆய்வுத் தகவலுக்கு உதவ 1992-இல் தொடங்கிய ஐஎன்ஏஎஸ்பி-யும் இதே பாதையில்தான் போனது. முதலில் தானே பேரம் பேசியது, படிப்படியாக அந்த வேலையை நாட்டுக் கூட்டமைப்புகளிடம் ஒப்படைத்தது.

விலை குறைவது இதன் ஒரு பலன், அவ்வளவுதான். பெரிய பலன் லைசென்ஸ் படிக்கத் தெரிந்த நூலகர்கள் உருவாவது. சந்தா நின்ற பிறகும், பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் கிடைக்குமா? வேறு நூலகத்துக்கு ஒரு கட்டுரையின் பிரதி அனுப்பலாமா? உறுப்பினர் அல்லாதவர் நேரில் வந்து உட்கார்ந்து படிக்கலாமா? வளாகத்துக்கு வெளியிலிருந்து ஆய்வு மாணவர் உள்ளே நுழையலாமா? நான்கும் பக்கம் பக்கமாக நீளும் ஒப்பந்தத்தில் எங்கோ ஒரு வரியில் கிடக்கும். தானமாக வாங்குபவர் அந்த வரியைத் தேடவே மாட்டார், பேரம் பேசியவர் அங்கேதான் முதலில் போவார். திட்டம் நாளை மூடினாலும் இந்தப் பழக்கம் போகாது. நேரம் பிடிக்கும் என்பதுதான் குறை. ஒரே நாட்டின் இரண்டு பல்கலைக்கழக நூலகர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பதே சில இடங்களில் பதிப்பாளரை மசியவைப்பதைவிடக் கடினம்!

பிரதி பரிமாற்றம்: பழையதற்கு இதுதான் கதி

ஒரு மாணவர் சோவியத் இயற்பியலாளர் லாண்டாவின் ஃபெர்மி திரவக் கோட்பாட்டுக் கட்டுரையைக் கேட்கிறார் என்று வையுங்கள். அடிக்குறிப்பில் தொகுதி 30, பக்கம் 1058, 1956 என்று இருக்கிறது. ஆங்கில இதழில் தேடினால் அப்படி ஒரு பக்கமே இருக்காது. காரணம், அது ரஷ்ய மூல இதழின் எண். அமெரிக்க இயற்பியல் கழகம் அட்டை முதல் அட்டை வரை மொழிபெயர்த்து வெளியிட்ட பதிப்பில் அதே கட்டுரை தொகுதி 3, பக்கம் 920, ஆண்டு 1957. சோவியத் இதழ்கள் பலவற்றுக்கும் இந்த இரட்டை எண் உண்டு. இது தெரிந்த ஒரு நூலகர் மறுமுனையில் இருந்தால் கோரிக்கை நிறைவேறும். இல்லையென்றால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று திரும்பி வரும்.

நூலகங்களுக்கு இடையே பிரதிக்குக் காசு கொடுப்பதை எளிதாக்க, நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்லா 1995-இல் வவுச்சர் முறையைக் கொண்டுவந்தது. 2020-இல் பெருந்தொற்றால் நூலகங்கள் பூட்டிக் கிடந்தபோது, அதே இஃப்லாவின் பிரிவைச் சேர்ந்த தன்னார்வ நூலகர்கள் ஆர்எஸ்சிவிடி என்ற இலவசப் பரிமாற்றத்தை நடத்தினார்கள். ஒரு தடவைக்கு ஒரு கட்டுரைதான். அன்றாடச் சந்தாவுக்கு இது மாற்று ஆகாது. ஆனால் மேலே சொன்ன மாதிரிக் கேள்விக்கு எந்த மின்னிதழ்த் தொகுப்பையும்விட இதுதான் உதவும்.

ஐநிஸ், ஸ்கோப்3: வாங்குபவரே கொடுப்பவர்

சர்வதேச அணுசக்தி முகமை 1970-இல் தொடங்கிய ஐநிஸ் வேறு தர்க்கத்தில் ஓடுகிறது. தன் நாட்டில் வெளியாகும் அணு அறிவியல் ஆவணங்களை அந்தந்த நாடே விவரித்து வியன்னாவில் உள்ள முகமைக்கு அனுப்பும். ஆரம்பத்தில் பதிலுக்கு மொத்தத் தொகுப்பும் கிடைத்தது; இப்போது அது இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. வேளாண்மைக்கு ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் அக்ரிஸும் இப்படித்தான். நான் கேட்ட கேள்விக்கு இவை நல்ல பதில் தருகின்றன. சுருக்கம் எழுதுவது, பொருள் தலைப்புச் சொல் தருவது எல்லாம் உள்ளூரில் நடப்பதால் அந்தத் திறமை உள்ளூரிலேயே தங்குகிறது. ஆனால் கிடைப்பதில் பெரும்பகுதி குறிப்புகள்தான், முழு உரை எல்லாவற்றுக்கும் கிடையாது.

ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகமான செர்ன் முன்னின்று நடத்தும் ஸ்கோப்3 2014 முதல் இயங்குகிறது. உயர் ஆற்றல் இயற்பியல் இதழ்களுக்குச் சந்தாவாகப் போன பணத்தை நூலகங்கள் ஒரே நிதியில் போடுகின்றன. அந்த நிதி பதிப்பாளருக்குப் போகிறது. கட்டுரைகள் உலகத்துக்கே இலவசம், எழுதியவரும் ஒரு காசு கொடுப்பதில்லை. படிக்க வருபவரிடம் எந்த நாடு என்று யாரும் கேட்பதும் இல்லை. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் ஒரு கைப்பிடி இதழ்கள், ஒருவரை ஒருவர் அறிந்த ஆய்வுச் சமூகம், நடுவில் செர்ன் போன்ற ஒரு பெரிய வீடு என்று மூன்றும் அமைந்த துறை அது. கட்டுமானப் பொறியியலிலோ உலோகவியலிலோ அந்தப் பெரிய வீடு எது என்று யாராவது காட்டட்டும், பிறகு பேசலாம்.

1955-இல் டுசல்டோர்ஃபில் தோன்றிய இயாட்டுல் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழக நூலகச் சங்கங்களை இந்த வரிசையில் வைக்கவில்லை. அவை இதழ் தருவதில்லை, ஆட்களை அறிமுகப்படுத்துகின்றன. லாண்டா கட்டுரையின் இரட்டை எண்ணைச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் அப்படி அறிமுகமானவராகத்தான் இருப்பார்.

எதை எடுப்பது?

மிக ஏழை நாட்டின் நூலகம் ரிசர்ச்4லைஃபில் இன்றே சேரட்டும். ஆனால் அதை நம்பி நாட்டுக் கூட்டமைப்பைக் கட்டும் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். தானத்தின் எல்லையைத் தாண்டிவிட்ட, ஆனால் முழு விலையும் கட்ட முடியாத நடுத்தர நாட்டு நூலகத்துக்கு என் ஓட்டு கூட்டமைப்புக்குத்தான். பக்கத்துணையாகப் பிரதி பரிமாற்றம். இயற்பியல் துறை உள்ள நூலகம் ஸ்கோப்3-க்குப் பங்கு கட்டலாம், கட்டாவிட்டாலும் படிக்கலாம், கட்டுவது நியாயம். கூட்டமைப்பில் சேரும் நூலகம் முதல் கூட்டத்திலேயே விலைப்பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு லைசென்ஸ் வரைவைக் கேட்கட்டும். புதுப்பிக்கும் தேதி நெருங்கிய பிறகு அதைத் திருத்த யாருக்கும் நேரம் இருக்காது.