40 மீட்டர் வெர்டிக்கல்: தரையில் 16 கம்பியா, தூக்கிக் கட்டிய இரண்டா?

அமெச்சூர் ரேடியோவின் 40 மீட்டர் அலைவரிசையில், அதாவது 7.1 மெகாஹெர்ட்ஸில், கால் அலை வெர்டிக்கல் (அலைநீளத்தில் கால் பங்கு உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா) என்றால் ஏறக்குறைய 10 மீட்டர் உயரம். ஆனால் அது பாதி ஆன்டெனாதான். மறுபாதியைக் கம்பிகளாக நாம் கொடுக்காவிட்டால் கோஆக்ஸ் கேபிளின் வெளியுறை அந்த வேலையைச் செய்யும். மைக்கில் உதடு சுரீரென்றால், அனுப்பும்போதெல்லாம் கணினி தடுமாறினால், நடப்பது அதுதான்.

எர்த் குழியை முதலிலேயே கழித்துவிடலாம். உப்பும் கரியும் போட்டு இறக்கிய கம்பி மின்கசிவுக்கும் இடிக்கும் வேண்டியது. அதை எடுத்துவிடக் கூடாது. ஆனால் ரேடியோ மின்னோட்டம் ஆன்டெனாவைச் சுற்றிப் பல மீட்டர் பரப்பிலிருந்து அடிக்குத் திரும்பி வருகிறது. ஒற்றைக் கம்பியை நம்பினால் வழியெல்லாம் மண் சூடாகும், அவ்வளவே.

மண் தரை இருந்தால் ரேடியல்கள்தான்: ஆன்டெனாவின் அடியிலிருந்து சுற்றிலும் விரிக்கும் கம்பிகள். 1937-இல் அமெரிக்க வானொலி நிறுவனமான ஆர்.சி.ஏ.வின் பொறியாளர்கள் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் வெளியிட்ட அளவீடுகளுக்குப் பின் ஒலிபரப்பு நிலையங்களில் 120 ரேடியல் வழக்கமாயிற்று. வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். 90 மீட்டர் வயரிங் சுருள் ஒன்றை வெட்டினால் 5.5 மீட்டரில் 16 கிடைக்கும். அதே வயரில் 10 மீட்டர் கம்பி எட்டு போடுவதைவிட இது மேல். தரையில் கிடக்கும் கம்பியை மண் இழுத்துக்கொள்வதால் அதன் ஒத்திசைவு அதிர்வெண் எங்கோ கீழே போய்விடுகிறது. நீளத்தைத் துல்லியமாக வெட்டிப் பயனில்லை. நாலே நாலு கால் அலைக் கம்பியைத் தரையில் விரித்தால், குட்டையாக வெட்டிய நாலைவிட மோசமாகவும் வேலை செய்யலாம். காப்புறை இருப்பதால் கெடுதல் இல்லை. அலுமினியக் குழாயில் தாமிரத்தை நேரடியாக முடுக்காதீர்கள். நடுவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர் வையுங்கள். இல்லாவிட்டால் கடற்கரை ஊரில் ஒரே மழைக்காலத்தில் அந்த இணைப்பு பூத்துப்போகும்.

மொட்டை மாடி வேறு கதை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகளின் மேல் ரேடியலைப் படுக்கவைத்தால் டியூனிங் நிற்காது. தூக்கிக் கட்டிய கவுன்டர்பாய்ஸ், அதாவது தரையைத் தொடாத ரேடியல்கள்தான் இங்கே சரி. எதிரெதிர்த் திசையில் இரண்டு, முடிந்தால் நான்கு. பிவிசி குழாயில் ஆள் உயரத்துக்கு மேல். ஒவ்வொன்றையும் 10.5 மீட்டரில் தொடங்கி, நுனியை மடித்து மடித்து நானோவிஎன்ஏவில் (ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவி) பாருங்கள். இங்கே நீளம் பிசகக் கூடாது. இரண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டால் மின்னோட்டம் ஒரு பக்கமே ஓடும். இடம் போதாவிட்டால் கைப்பிடிச் சுவரை ஒட்டி வளைக்கலாம், ஆனால் இரு பக்கமும் ஒரே மாதிரி. நுனியில் 100 வாட்டுக்கே தோல் சுடும் அளவு மின்னழுத்தம் நிற்கும். துணிக்கொடியாக யாரும் பயன்படுத்தாத இடம் பாருங்கள்.

கம்பிக் கணக்கில் இதுதான் சிக்கனம். அமெரிக்க ஹாம் ரூடி செவர்ன்ஸ் 2009-இல் வெளியிட்ட அளவீடுகளில், சற்றே தூக்கிக் கட்டிய நான்கு ரேடியல்கள் தரையில் கிடந்த 64-க்கு ஏறத்தாழ ஈடாக நின்றன. ஆனால் கேபிள் ஆன்டெனாவில் சேரும் ஃபீட் இடத்தில், வெளியுறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சோக் கட்டாயம்: எஃப்டி240-31 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கோஆக்ஸ் சுமார் 12 சுற்று. அது இல்லாவிட்டால் கோஆக்ஸ் மூன்றாவது ரேடியலாகி, பார்த்துப் பார்த்துச் செய்த டியூனிங்கைக் கெடுக்கும்.

எது போட்டாலும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை (ஆன்டெனா 50 ஓம் கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டுவது; 1.0 என்றால் முழுப் பொருத்தம்) வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். இழப்பே இல்லாத தரையில் கால் அலை வெர்டிக்கல் 36 ஓம் காட்டும், அதாவது 1.4. தரை ரேடியலில் அழகான 1.0 வந்தால் 14 ஓம் மண்ணில் போகிறது, 100 வாட்டில் 28 வாட் வெப்பமாகிறது. கம்பி சேர்க்கச் சேர்க்க அளவு 1.4-ஐ நோக்கி ஏறினால் அது நல்ல செய்தி. 72 ஓமும் அதே 1.4-தான் காட்டும், அதில் பாதிச் சக்தி மண்ணுக்கு. நானோவிஎன்ஏவில் ஓம் மதிப்பைப் பார்த்தால்தான் எது என்று பிரிக்க முடியும். தூக்கிக் கட்டிய ரேடியல்களைச் சாய்வாக இறக்கினாலும் 50 ஓமை நெருங்கும்; அந்த உயர்வு இழப்பு அல்ல.