லேப்டாப் ஸ்டாண்டா, தனி மானிட்டரா?

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதுதான் கழுத்து வலிக்கு மூலம். திரையை உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும், இறக்கினால் தலை குனியும். இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும்.

ஸ்டாண்ட் மலிவு, மடித்துப் பையில் போடலாம், அடியில் காற்று போவதால் சூடும் குறையும். எவ்வளவு உயரம் தேவை என்று பார்க்க 500 தாள் கொண்ட ஏ4 கட்டுகளை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வையுங்கள்; ஒரு கட்டு சுமார் 5 செ.மீ. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ நின்றால் சரி. ஆனால் தனி கீபோர்டும் மவுஸும் இல்லாமல் ஸ்டாண்டை மட்டும் வாங்காதீர்கள். மணிக்கட்டு பின்னோக்கி மடங்கி, கழுத்து வலி கைக்கு இறங்கும்.

மானிட்டரின் பெரிய பலம் எழுத்தின் அளவு. 14 அங்குலத் திரையில் எக்செல் கட்டங்களைப் படிக்க முதுகு தானாக முன்னால் சாயும். 24 அங்குலத் திரையைக் கை நீட்டினால் விரல் தொடும் தூரத்தில் வைத்து, நாற்காலியில் சாய்ந்தபடியே படிக்கலாம். பைஃபோகல் கண்ணாடி போடுபவர்கள் இன்னும் தாழ்த்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியில் படிப்பதற்கான கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்குவார்கள். மின்வெட்டில் மானிட்டர் அணைந்துவிடும், யுபிஎஸ் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே மேசையில் தினமும் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் மானிட்டர்தான். இடம் மாறுபவர்களுக்கு ஸ்டாண்ட், கூடவே கீபோர்டு.