கால் வளைவை எந்தப் படம் சரியாகக் காட்டும்?

தண்டையார்பேட்டையில் 17 ஆண்டுகளாக எக்ஸ்ரே எடுத்துவருகிறேன். முட்டியை மட்டும் எடுத்த சின்ன ஃபிலிமைக் கொண்டுவந்து, "கால் எவ்வளவு வளைந்திருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பவர்கள் வாராவாரம் வருகிறார்கள். மூட்டு தேய்ந்திருப்பது அதில் தெரியும், வளைவின் அளவு தெரியாது. உடல் எடை இறங்கும் கோடு, தொடை எலும்பின் உருண்டைத் தலையில் தொடங்கிக் கணுக்காலின் நடுவில் முடிகிறது. தொடை எலும்பின் தண்டோ அந்தக் கோட்டிலிருந்து 5 முதல் 7 டிகிரி சாய்ந்துதான் இருக்கும். இரண்டு முனையும் படத்தில் இல்லாவிட்டால் கோட்டை எங்கிருந்து எங்கே போடுவது?

அதனால் இடுப்பு முதல் கணுக்கால் வரை நிற்கவைத்து எடுக்கும் நீளப் படத்துக்குத்தான் என் முதல் ஓட்டு. படுத்தால் மூட்டின் மேல் பாரம் இல்லை. தேய்ந்த பக்கம் அமுங்காமல், வளைவு ஓரிரு டிகிரி குறைந்துவிடும். மூட்டு மாற்று அறுவைக்குக் கோணம் குறிக்கும்போது அந்த ஓரிரு டிகிரி பெரிய விஷயம்.

ஆனால் நிற்கவைத்தால் மட்டும் போதாது. காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா, வேறோர் இடத்தில் எடுத்த நீளப் படத்தோடு வந்தார். படத்தில் வளைவு குறைவு. எதிரில் நின்றவரின் முட்டிகளுக்கு நடுவே என் கை தாராளமாக நுழையும். படத்தை உற்றுப் பார்த்தேன். பாதங்களை நேராக வைக்கச் சொல்லி எடுத்திருக்கிறார்கள்; முட்டிச்சில்லுகள் இரண்டும் உள்பக்கம் ஒதுங்கியிருந்தன. முட்டியை முழுதாக நீட்ட வராதவருக்குக் கால் உள்ளே திரும்பினால் வளைவு குறைந்து தெரியும், வெளியே திரும்பினால் கூடித் தெரியும். தரையில் குந்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சில்லைப் பிடித்து, அது நேர் முன்னால் பார்க்கும்வரை காலைத் திருப்பினேன். பாதம் வெளியே போனது. "கோணலாக நிற்கிறேனே தம்பி" என்றார். "பாதம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும் அம்மா, சில்லு என்னைப் பார்க்கட்டும்" என்றேன். புதிய படத்தில் எடை இறங்கும் கோடு முட்டியைத் தொடாமல் உள்பக்கமாகவே இறங்கியது; வளைவு அவ்வளவு அதிகம். பழைய படத்தை நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

எங்களிடம் இருப்பது போன்ற கருவிகளில் நீளப் படத்தை இரண்டு மூன்று துண்டுகளாக எடுத்துக் கணினியில் ஒட்டுகிறோம். இடையில் அசைந்தால் ஒட்டு பிசகும். எலும்பும் உள்ளதைவிடச் சற்றுப் பெரிதாக விழும். 25 மில்லிமீட்டர் உலோக உருண்டை ஒன்றைக் காலருகே வைத்து எடுத்தால், அது படத்தில் எவ்வளவு பெரிதாக விழுகிறது என்று பார்த்து அந்தக் கூடுதலைக் கழித்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு குறையும் இல்லாதது இயோஸ் (EOS) என்ற எக்ஸ்ரே கருவி. 1992இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷார்பாக்கின் துகள் உணர்கருவியிலிருந்து பிறந்தது. நின்றபடியே முன்படமும் பக்கப்படமும் ஒரே நேரத்தில் விழுகின்றன, கதிரும் குறைவு. வளர்கிற பிள்ளைக்குத் திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டியிருந்தால் இதற்கு இணை இல்லை. விலை அதிகம் என்பதால் பேட்டைக்குப் பேட்டை இதைப் பார்க்க முடியாது. சில விநாடிகள் அசையாமல் நிற்கவும் வேண்டும்.

சி.டி. ஸ்கேன் பதில் சொல்லும் கேள்வியே வேறு: எலும்பு முறுக்கியிருக்கிறதா? எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி இடித்துத் தொடை முறிந்தவருக்கு எலும்பு கூடியபின் பாதம் வெளியே திரும்பி நிற்கிறது என்றால், எக்ஸ்ரே திணறும். சி.டி.யில் இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றிலும் சில வெட்டுகள் எடுத்து இரண்டு காலையும் ஒப்பிட்டால் முறுக்கு டிகிரியில் வந்துவிடும். படுத்து எடுப்பதால் நிற்கும்போதுள்ள வளைவுக்கு இதை நம்பக் கூடாது. பணம் கூடுதல் என்பதால் "நல்லது" என்று நினைத்து இதைக் கேட்காதீர்கள்.

எம்.ஆர்.ஐ. குருத்தெலும்பையும் சவ்வையும் காட்டுவதில் மன்னன். கதிரும் இல்லை. வளைவை அளக்க மட்டும் அதைத் தேடிப் போக வேண்டாம்.

குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாய்மாருக்கு ஒன்று. 2 வயதுவரை இரண்டு காலும் ஒரேபோல் வளைந்திருப்பது இயல்பு. 3, 4 வயதில் முட்டிகள் ஒன்றோடொன்று இடிப்பதும் இயல்பு. 7 வயதுக்குள் பெரும்பாலும் நேராகிவிடும். குழந்தையைப் படுக்கவைத்து, கணுக்கால்களைச் சேர்த்து, முட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தையல் டேப்பால் அளந்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தால், வயது ஏற ஏற வளைவு கூடினால், உயரம் ஏறாமல் இருந்தால், அப்போது தாமதிக்காமல் நீளப் படத்துக்கு அழைத்து வாருங்கள். சில்லு முன்னால் பார்க்கிறதா என்று நீங்களும் ஒரு முறை குனிந்து பாருங்கள்.