பேஜட் எலும்பு நோய்: ஒரே ஒரு டிரிப்ஸா, இரண்டு மாத மாத்திரையா?

வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில், எலும்பிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் வரும் அல்கலைன் பாஸ்பேடேஸ் என்ற நொதி மட்டும் எகிறி நிற்கும். கால்சியம் சரி, கல்லீரலும் சரி. பேஜட் நோய் பலருக்கும் இப்படித்தான் பிடிபடுகிறது. லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் 1877-இல் இதை எழுதியபோது அவர் கையில் இந்தப் பரிசோதனை இல்லை. தலை பெருத்துக்கொண்டே போனதால் பெரிய தொப்பியாக மாற்றிக்கொண்டே இருந்த ஒரு நோயாளியைப் பல ஆண்டுகள் பார்த்துத்தான் கண்டுகொண்டார்.

எலும்பை அரிக்கும் செல்கள் வெறிபிடித்தாற்போல் அரிக்க, கட்டும் செல்கள் அவசரத்தில் கன்னாபின்னாவென்று கட்டுகின்றன. எலும்பு தடிக்கிறது, ஆனால் வலு இல்லை. பிரிட்டனில், அதிலும் லங்காஷயர் பகுதியில், இது அதிகம். ஆசியாவில் அரிது. அதனால் நம் ஊரில் அல்கலைன் பாஸ்பேடேஸ் ஏறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வைட்டமின் டி குறைபாட்டை. வயதான ஆணாக இருந்தால், புராஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

பரிசோதனைகளில் எது பெரியது? ரத்தப் பரிசோதனை மலிவு, ஆனால் ஒரே எலும்பில் மட்டும் நோய் இருந்தால் அளவு இயல்பாகவே இருந்துவிடலாம். எந்தெந்த எலும்பு என்று ஸ்கேன் காட்டும். என்ன நோய் என்று உறுதியாகச் சொல்லாது. அதைச் சொல்வது பெரும்பாலும் சாதாரண எக்ஸ்ரேதான்.

இனி மருந்து. எலும்பை அரிக்கும் செல்களை அடக்கும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகளில் மூத்தது எடிட்ரோனேட். அதிக அளவில் கொடுத்தால் புது எலும்பில் சுண்ணாம்புச் சத்து படிவதையே தடுக்கும், அதை ஒதுக்கிவிடலாம். அலெண்ட்ரோனேட் தினம் 40 மி.கி. வீதம் ஆறு மாதம். வேலை செய்யும், ஆனால் ஆறு மாதம்! உண்மையான போட்டி இரண்டுக்குள்தான்: ரிசெட்ரோனேட் மாத்திரை தினம் 30 மி.கி. இரண்டு மாதம்; சோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. ஒரே டிரிப்ஸ், கால் மணி நேரத்துக்குக் குறையாமல்.

இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு 2005-இல் வெளியானது. ஆறு மாதத்தில் டிரிப்ஸ் போட்டவர்களில் 88.6 சதவீதம் பேருக்கு அல்கலைன் பாஸ்பேடேஸ் இயல்புக்கு வந்தது. மாத்திரை எடுத்தவர்களில் 57.9 சதவீதம். அதன் பிறகும் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், டிரிப்ஸ் போட்டவர்களில் மிகச் சிலருக்கே நோய் திரும்பியது. எண்ணிக்கையில் போட்டி அங்கேயே முடிந்துவிட்டது.

டிரிப்ஸுக்கும் விலை உண்டு. முதல் முறை போட்டவர்களில் கணிசமானவர்களுக்கு ஓரிரு நாள் காய்ச்சல், உடம்பு முறித்துப்போட்டாற்போல வலி; பாராசிட்டமாலில் அடங்கும். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போதே போட்டுவிட்டால் கால்சியம் சரிந்து விரல்கள் மரத்து இழுக்கும். ஆகவே முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 35 மி.லி.க்குக் கீழே இருந்தால் இந்த டிரிப்ஸ் கூடாது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்பே முடித்துவிடுவது நல்லது.

மாத்திரையின் தொல்லை வேறு ரகம். வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அதுவரை காபியும் கிடையாது. நம் வீடுகளில் இந்தக் கடைசி நிபந்தனைதான் முதலில் உடையும். காபியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது. உணவுக்குழாயில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்களுக்கு மாத்திரை ஒத்துவராது. இன்னொன்று: எலும்புப்புரைக்கு இதே மருந்தை வாரம் ஒருமுறை 35 மி.கி. தருவார்கள். அந்தச் சீட்டை வைத்து இந்த நோய்க்கு வாங்கக் கூடாது.

என் ஓட்டு டிரிப்ஸுக்குத்தான், ஆனால் வலி இருப்பவருக்கு மட்டும். பிரிட்டனில் 1,300-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்து 2010-இல் வெளியான பிரிசம் ஆய்வில், எண்ணை இயல்பாக்கியே தீருவது என்று மருந்து கொடுத்த குழுவுக்கும், வலி வந்தால் பார்க்கலாம் என்று விட்ட குழுவுக்கும் எலும்பு முறிவிலோ வாழ்க்கைத் தரத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. காகிதத்தில் எண் அழகாக இறங்குவது வேறு, ஆள் நன்றாக நடப்பது வேறு. இந்த நோயால் வளைந்த கால் எந்த மருந்திலும் நிமிராது, போன செவிப்புலனும் திரும்பாது.

அதனால் வலி எங்கிருந்து வருகிறது என்பதே முதல் கேள்வி. ஓய்விலும் ராத்திரியிலும் எலும்புக்குள்ளேயே குடையும் வலிக்கு மருந்து கேட்கும். நோய் பிடித்த எலும்பை ஒட்டிய இடுப்பு மூட்டு தேய்ந்து, நடந்தால் மட்டும் வலிக்கிறது என்றால் டிரிப்ஸும் மாத்திரையும் பெரிதாக உதவாது. அவர் போய்ப் பார்க்க வேண்டியது மூட்டு மாற்று அறுவை செய்பவரை.