ஐயாயிரம் பவுண்டுக்கு ஒரு பழைய ரோட்ஸ்டர்: கூரையில் விழும் மழைநீர் எங்கே போகிறது?

கூரையை மடித்துவிட்டு இருவர் மட்டும் உட்கார்ந்து செல்லும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரான ரோட்ஸ்டர், புதிதாக வாங்க நினைத்தால் பெரும்பாலோருக்குக் கைக்கு எட்டாத பொருள்தான். ஆனால் பிரிட்டனின் பழைய கார் சந்தையில் ஐயாயிரம் பவுண்டு அளவில் செலவிட முடிந்தால், மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா எம்ஆர்2, போர்ஷே பாக்ஸ்டர், பிஎம்டபிள்யூ இசட்4, எம்ஜி எஃப் என்று ஐந்து வகை வண்டிகளுக்குள் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இன்றும் இருக்கிறது. ஹோண்டா எஸ்2000-மும் லோட்டஸ் எலீஸும் இந்தத் தொகையை எப்போதோ தாண்டிப் போய்விட்டதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது பலர் இத்தகைய வண்டிகளைக் கைமாற்றுவார்கள், விலையும் சற்று இறங்கும் என்பதால், நான் அக்டோபரில் தொடங்கி மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் அலைந்தேன். பார்த்தவற்றையும் ஓட்டியவற்றையும் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

எந்த வண்டிக்கு எத்தனை குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்ற கணக்கோடுதான் நானும் தொடங்கினேன். இரண்டு மூன்று வண்டிகளைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கைக் கைவிட்டேன். ஏறத்தாழ இருபது ஆண்டு ஓடிய துணிக்கூரை வண்டியில், அதுவும் மழை ஓயாத, குளிர்காலத்தில் சாலையெங்கும் உப்புத் தூவுகிற ஒரு நாட்டில், கூரைமேல் விழும் நீர் எந்த வழியாக இறங்கி எங்கே வெளியேறுகிறது என்பதே வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. சாதாரணக் காரில் கூரை நீர் கண்ணாடி வழியாக வழிந்து போய்விடும். ரோட்ஸ்டரில் அது கூரை மடியும் பள்ளத்தின் ஓரத்தில் சேர்ந்து, இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள சிறு துளைகள் வழியாகக் குழாயில் இறங்கி, வண்டிக்கு அடியில் வெளியேற வேண்டும். அந்தத் துளை இலையும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் நீர் வேறு வழி தேடும். தேடும் வழி ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொன்று.

எம்எக்ஸ்-5-லிருந்து தொடங்குவதே முறை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, 2016-ல் பத்து லட்சமாவது வண்டியைக் கண்ட இந்தக் கார், எண்ணிக்கையில் மற்ற எல்லா ரோட்ஸ்டர்களையும் மிஞ்சியது. அதனால் உதிரிபாகமும் விவரம் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பதில் சிக்கலே இல்லை. முன்னால் எஞ்சின், பின்சக்கர இயக்கம், ஒரு கையால் தூக்கிப் பின்னால் போட்டுவிடும் எளிய கூரை ஆகியவை நான்கு தலைமுறையிலும் மாறாதவை. மேலெழும்பும் முகப்பு விளக்குகள் கொண்ட முதல் தலைமுறையில் நல்ல வண்டிகளைச் சேகரிப்பாளர்கள் வாங்கிக்கொண்டார்கள். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் வெல்டிங் தேவைப்படுபவை. ஆகவே நம் தொகைக்கு உரியவை 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையும், 2005 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறையும்தான்.

இரண்டாம் தலைமுறையில் 1.6, 1.8 லிட்டர் எஞ்சின்கள் இரண்டுமே அவ்வளவு எளிதில் சாகாதவை. எஞ்சினின் வால்வுகளை நேரம் பிசகாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டை அறுபதாயிரம் மைலுக்கு ஒருமுறை மாற்றியதற்கு ரசீது இருந்தால் எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை. நோய் முழுவதும் உடம்பில்தான். வடிகால் அடைத்ததும் நீர் கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டிக் கட்டுமானத்துக்குள் தேங்கி, அதன் பின்முனையை, அதாவது பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ள பகுதியை, உள்ளிருந்து அரிக்கிறது. வெளியில் பெயிண்ட் கொப்பளிக்கும்போது உள்ளே தகடே மிச்சம் இருக்காது. இது போதாதென்று, முன்பக்கச் சட்டங்கள் மோதலில் மடிவதற்காகப் பல அடுக்குத் தகடுகளால் செய்யப்பட்டிருப்பதால், அடுக்குகளுக்கு நடுவில் ஈரம் புகுந்து அவையும் துருப்பிடிக்கின்றன. இந்த இரண்டாவது நோயை வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தாலொழியக் கண்டுபிடிக்க முடியாது.

நான் பார்த்த முதல் வண்டி 2002-ல் பதிவான வெள்ளி நிற 1.8. விற்பவர் அதை மெழுகு பூசிப் பளபளவென்று நிறுத்தியிருந்தார். அவருடைய அனுமதியோடு கூரையைப் பாதி மடித்து, இருக்கைப் பட்டை இறங்கும் கோபுரத்துக்குப் பின்னால் விரலை விட்டு வடிகால் துளையைத் தேடிப்பிடித்து, கையோடு கொண்டுபோன புட்டியிலிருந்து அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். சரியான வண்டியில் அரை நிமிடத்துக்குள் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் நீர் சொட்டத் தொடங்கும். இங்கே ஒரு சொட்டும் விழவில்லை. மாறாக, இருக்கைக்குப் பின்னால் இருந்த கம்பளம் மெல்லக் கறுத்துக்கொண்டே வந்தது. சில்லின் அடியில் ஒரு சிறு காந்தத்தை ஓட்டிப் பார்த்தபோது ஓரிடத்தில் அது ஒட்டாமல் நழுவியது. பட்டி வைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்திருந்தார்கள். விற்பவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம்; அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது.

மூன்றாம் தலைமுறையைச் சற்றுப் பெருத்துவிட்டது என்று பழைய அன்பர்கள் குறை சொல்வார்கள். உருவத்தில் அது உண்மைதான். ஆனால் அன்றாடம் ஓட்டுபவருக்கு இதுவே நல்ல வண்டி. டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின், 2.0 லிட்டரில் சுமார் 160 குதிரைத்திறன், உயரமானவர்களும் முழங்கால் இடிக்காமல் உட்காரும் இடம் ஆகியவற்றோடு, 2006-லிருந்து பன்னிரண்டு நொடியில் மடியும் கடினக் கூரை கொண்ட வகையும் உண்டு. அந்தக் கூரை மடிந்தாலும் பின்பெட்டியின் 150 லிட்டர் இடம் குறைவதில்லை. 2009 மாற்றத்துக்குப் பின் வந்த 2.0 எஞ்சின்களில் உட்பாகங்கள் வலுப்படுத்தப்பட்டு, சுழற்சி வரம்பு 7,500 வரை உயர்ந்தது. அதற்கு முந்திய 2.0 வண்டிகளில் ஆயில் அளவை அளக்காமலே ஓட்டி பேரிங்கைத் தீய்த்தவர்கள் உண்டு என்பதால், பார்க்கப் போகும்போது டிப்ஸ்டிக்கை நம் கையாலேயே உருவிப் பார்ப்பது நல்லது.

டொயோட்டா எம்ஆர்2-வின் மூன்றாம் தலைமுறை பிரிட்டனில் 2000 முதல் 2006 வரை விற்பனையானது. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், நடுவில் இருக்கிறது; எடை ஆயிரம் கிலோவை ஒட்டியே நிற்கிறது; 1.8 லிட்டர் எஞ்சின் 140 குதிரைத்திறன் தருகிறது. இந்தப் பட்டியலில் ஸ்டியரிங்கைத் தொட்டதும் திரும்பும் வண்டி எது என்றால், தயங்காமல் இதைச் சொல்வேன். ஆனால் முதல் சில ஆண்டுகளின் வண்டிகளில் ஒரு பிறவிக் கோளாறு உண்டு. பிஸ்டனில் ஆயில் திரும்பி இறங்கும் துளைகள் சிறியவை. அவை கரியால் அடைத்ததும் எஞ்சின் ஆயிலைக் குடிக்கத் தொடங்கும். எரிந்த ஆயில் எஞ்சினை ஒட்டியே இருந்து புகையைச் சுத்திகரிக்கும் முன்-கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்களைச் சிதைக்கும். அவற்றின் பீங்கான் துகள்கள் சிலிண்டருக்குள் திரும்ப உறிஞ்சப்பட்டு எஞ்சினையே அரைத்துவிடும். இதை அறிந்த உரிமையாளர்கள் அந்தக் கன்வெர்ட்டர்களின் உட்பொருளை எடுத்துவிட்டிருப்பார்கள் அல்லது அவை அமைந்துள்ள புகைக்குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டையே மாற்றியிருப்பார்கள். என்ன செய்யப்பட்டது என்று கேட்கும்போது விற்பவர் விழித்தால், வண்டியைத் தொடாமல் திரும்பிவிடலாம். ஆறு கியரோடு வந்த 2003-க்குப் பிந்திய வண்டிகளே பாதுகாப்பானவை.

எம்ஆர்2-வில் பெட்டி என்று சொல்லத்தக்க பெட்டி கிடையாது. முன்மூடியைத் திறந்தால் மாற்றுச் சக்கரம் இருக்கும். இருக்கைகளுக்குப் பின்னால் பூட்டக்கூடிய இரண்டு அறைகள் உண்டு. இருவரின் வார இறுதித் துணிமணி அவற்றில் அடங்கினால் அதிர்ஷ்டம். வடிகால் அடைத்தால் நீர் முதலில் நிறைவதும் அந்த அறைகளில்தான். ஒரு வகையில் இது நல்லதே, ஏனென்றால் மறைக்க முடியாது: அறையைத் திறந்து கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பார்த்தால் வண்டியின் வரலாறு மூக்கில் ஏறிவிடும். அடியில் எஞ்சினைத் தாங்கும் பின் சட்டத்தின் துருவையும் பார்க்க வேண்டும். டயர் நான்கும் ஒரே கம்பெனியா என்பதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எடை பின்னால் இருக்கும் வண்டியில் தேய்ந்த மலிவு டயரோடு ஈரச் சாலை வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால், வால் முன்னே வர அதிக நேரம் ஆகாது.

பாக்ஸ்டரைப் பற்றிப் பேசும்போது ஆசையையும் கணக்கையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். 1996-ல் வந்த முதல் தலைமுறையில் 204 குதிரைத்திறன் கொண்ட 2.5 லிட்டரும், பின்னர் 220 கொண்ட 2.7-ம், 252 கொண்ட 3.2 எஸ்-உம் வந்தன. ஆறு சிலிண்டர் எஞ்சின் முதுகுக்குப் பின்னால் ஏறி இறங்கும் ஓசைக்கு இங்கே போட்டியே இல்லை. முன்னும் பின்னும் இரண்டு பெட்டிகள் இருப்பதால் பயணத்துக்கும் இதுவே வசதி. ஆனால் வாங்குபவர் எஞ்சினைக் கண்ணால் பார்க்க முடியாது: பின்பெட்டியில் ஆயிலும் கூலண்டும் ஊற்றும் மூடிகள் மட்டுமே தெரியும். நான் கண்ணால் பார்க்காத எஞ்சினுக்குக் கையில் பணம் எண்ணிக் கொடுப்பவன் அல்லன்.

இந்த எஞ்சினைப் பற்றி எல்லோரும் அஞ்சுவது ஐஎம்எஸ் பேரிங். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்களை இயக்கும் இடைத்தண்டைத் தாங்கும் இந்தப் பேரிங் நொறுங்கினால், டைமிங் குலைந்து வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும். சுமார் 2000 வரை வந்த இரட்டை வரிசைப் பேரிங்கைவிடப் பின்னர் வந்த ஒற்றை வரிசைப் பேரிங்கே அதிகம் பழுதாகிறது. கியர்பாக்ஸை இறக்கினால்தான் அதை அடைய முடியும் என்பதால், கிளட்ச் மாற்றும்போதே பேரிங்கையும் மாற்றியதற்கு ரசீது உள்ள வண்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் அல்ல. நான் கேள்விப்பட்டவரை, பேரிங்கைவிட அதிகம் பேரைத் தொல்லைப்படுத்துவது முன் ரேடியேட்டர்களில் சேரும் இலைக்குப்பையும், வடிகால் அடைத்து இருக்கைக்கு அடியில் உள்ள மின்னணுப் பெட்டிக்குள் புகும் நீரும்தான். அந்தப் பெட்டி நனைந்தால் சாவியை வண்டி அடையாளம் காணாது. நிறுத்திய இடத்திலேயே நிற்கும். வாங்கும் விலை ஐயாயிரமாக இருந்தாலும், உதிரிபாகத்தின் விலை புதிய போர்ஷேவின் தரத்திலேயே இருக்கிறது.

2002 முதல் 2008 வரை வந்த இசட்4, நெடுஞ்சாலையில் நூறு மைல் போவதற்கு ஏற்ற வண்டி. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் நம்பத்தக்கவை. காற்று இறங்கினாலும் ஓடக்கூடிய, விறைப்பான ரன்-பிளாட் டயர்களோடு வந்ததால் மேடுபள்ளத்தில் முதுகு வலிக்கும். சாதாரண டயர் போட்டதும் குணம் மாறிவிடும். இதில் நீர் தேடும் வழிதான் விபரீதமானது: கூரையை இயக்கும் மோட்டாரை வடிகால் பள்ளத்திலேயே வைத்திருக்கிறார்கள். துளை அடைத்தால் மோட்டார் நீரில் மூழ்கிச் சாகும். அதை வெளியே எடுப்பது பெரிய வேலை என்பதால், மாற்றும்போது பலர் மோட்டாரைப் பின்பெட்டிக்கு இடம் மாற்றிவிடுகிறார்கள். பார்க்கப் போகும்போது கூரையை மூன்று முறையாவது திறந்து மூடச் சொல்ல வேண்டும். ‘குளிருக்குக் கூரை கொஞ்சம் சோம்பல்படும்’ என்று விற்பவர் ஒருவர் என்னிடம் சொன்னார்.

எம்ஜி எஃப் இவற்றில் மிக மலிவானது. கே-வரிசை எஞ்சினில் சிலிண்டர்களுக்கு மேல் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் நற்பெயர் பெற்றதல்ல. திரவமும் வாயுவும் கொண்டு இயங்கும் ஹைட்ராகாஸ் சஸ்பென்ஷனுக்குப் புதிய பாகம் கிடைப்பது அரிது. கம்பெனியே 2005-ல் விழுந்துவிட்டது. தானே ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் இது உகந்தது.

காகிதங்களைப் பற்றி இரண்டு செய்திகள். எம்ஓடி எனும் ஆண்டுத் தகுதிச் சோதனையின் வரலாற்றைப் பதிவு எண்ணை வைத்து அரசின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். துரு என்ற சொல் எச்சரிக்கைக் குறிப்பாக மூன்று ஆண்டு தொடர்ந்து வந்துவிட்டுத் திடீரென்று மறைந்திருந்தால், வெல்டிங் செய்தார்களா, கறுப்புப் பூச்சு அடித்து மூடினார்களா என்று கேட்க வேண்டும். லண்டனில் இருப்பவர்கள், அதிகப் புகை விடும் வண்டிக்குக் கட்டணம் விதிக்கும் யூலெஸ் விதியையும் பார்க்க வேண்டும்: 2023 ஆகஸ்ட் 29 முதல் அது நகரின் ஆட்சிப் பிரிவுகளான எல்லா பரோக்களிலும் நடப்பில் இருக்கிறது, தேறாத வண்டிக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டரை பவுண்டு. பெட்ரோல் வண்டிகள் பொதுவாக 2006-லிருந்து தேறும், அதற்கு முந்தியவற்றிலும் தேறுபவை உண்டு என்பதால், ஒவ்வொரு வண்டியின் பதிவு எண்ணையும் இட்டுப் பார்ப்பதே வழி. சாலை வரியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது: 2001 மார்ச்சுக்கு முன் பதிவானவற்றுக்கு 1,549 சிசி என்ற ஒரே கோடுதான், அதைத் தாண்டியவை எல்லாம் ஒரே வகுப்பு, ஆகவே 1.6 எம்எக்ஸ்-5-உம் 3.2 பாக்ஸ்டர் எஸ்-உம் ஒரே தொகையைக் கட்டுகின்றன.

என் வரிசையில் மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5 முதலிடம், 2003-க்குப் பிந்திய எம்ஆர்2 அதற்கு அடுத்தது; வேறொரு கார் வீட்டில் இருப்பவருக்கு இந்த இடங்கள் மாறலாம். பாக்ஸ்டரை, வாங்கிய விலையில் பாதியைத் தனியே எடுத்துவைக்க முடிந்தவருக்கு மட்டுமே சொல்வேன். டிசம்பரின் கடைசிச் சனிக்கிழமை, 2007-ல் பதிவான துணிக்கூரை எம்எக்ஸ்-5 2.0 ஒன்றைப் பார்த்தேன். வலப்பக்கம் ஊற்றிய தண்ணீர் உடனே தரையில் சொட்டியது. இடப்பக்கம் நின்றுவிட்டது. புல் வெட்டும் ஸ்ட்ரிம்மரின் வளையும் நைலான் இழையைத் துளைக்குள் விட்டு மெதுவாகக் குடைந்தபோது, கறுத்த இலைச்சேறு கட்டியாக அடியில் விழுந்து, பின்னாலேயே நீரும் இறங்கியது. சில்லில் காந்தம் முழு நீளத்துக்கும் ஒட்டியது, கம்பளமும் காய்ந்திருந்தது. விற்ற அம்மையார் முந்நூறு பவுண்டு குறைத்துக்கொண்டார். அந்தத் தொகை சில்லுக்குள் மெழுகு பீய்ச்சும் வேலைக்கும் இரண்டு டயருக்கும் போயிற்று.