புதுப் பட்டாவா, சிங்கிள் கெப்பா, பழையதா? திருகோணமலை ஓட்டத்துக்கு ஓர் அலசல்

சின்ன லொறி வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எது நல்ல வண்டி?" என்றுதான். இன்றைய நிலையில் அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: வண்டி கைக்கு வரும்வரை உங்கள் தொழில் தாக்குப்பிடிக்குமா? 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திரும்பவும் திறந்தது. ஐந்து வருடமாகத் தள்ளிப்போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் புக் பண்ண நிற்கிறார்கள்.

முதலில் சுமையைப் பார்ப்போம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கக் கடைகளுக்கு பிஸ்கட் பெட்டியும் சோடாவும் இறக்குபவருக்குப் பட்டா, அதாவது டாட்டா ஏஸ், தாராளமாகப் போதும். அதன் முதல் டீசல் வகை 702 சீசி, இரண்டு சிலிண்டர், முக்கால் தொன் சுமை. மத்திய வீதியில் கடை வாசலோடு ஒதுக்கி நிறுத்தலாம், எண்ணெய்ச் செலவும் குறைவு. அதையே தம்புள்ளைக்குக் கொண்டுபோய் மரக்கறி ஏற்றி வருவதென்றால் கதை வேறு. ஒரு வழிக்கே சுமார் 110 கிலோமீற்றர். கந்தளாய் தாண்டினால் ஹபரணை வரைக்கும் இரவில் யானை குறுக்கே வரும் ரோடு. 16 குதிரைவலு எஞ்சினோடு, முழுச் சுமையில், பின்னால் வரும் பஸ்ஸுக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கித்தான் ஓட வேண்டும். மரக்கறிக்காரர் முக்கால் தொன்னோடு நிற்கவும் மாட்டார். இன்னும் நாலு மூட்டை ஏறும், பின் ஸ்பிரிங் தகடுகள் தட்டையாகும்.

அந்த ஓட்டத்துக்கு மகேந்திரா பொலேரோ மாதிரி சிங்கிள் கெப், அதாவது ஒரே வரிசை சீட் உள்ள பிக்கப்தான் சரி. 2.5 லீற்றர் டீசல், ஒரு தொன்னுக்கு மேல் தாங்கும். எஞ்சின் முன்னால் பொனெட்டுக்குள் இருப்பதால் கச்சான் என்ற சூட்டுக் காற்று அடிக்கும் நாட்களிலும் சாரதிக்குச் சூடு குறைவு. பட்டாவில் அது சீட்டுக்கு அடியில். ஆனால் விலையும் மாதத் தவணையும் கூடுதல். மூதூர், கிண்ணியாவுக்கு அரைச் சுமையோடு மட்டும் ஓடப்போகிறவர் அந்தக் கடனைத் தலையில் ஏற்ற வேண்டாம்.

சுசுக்கி கெரி, டைஹட்சு ஹைஜெட் போன்ற ஜப்பானியக் குட்டி லொறிகளின் 660 சீசியும் 350 கிலோ சுமையும் அந்த நாட்டுச் சட்டம் வைத்த எல்லை. பேக்கரிக்கு நல்லது, அரிசி மூட்டைக்கு இல்லை. டபுள் கெப்பை இந்தக் கணக்கிலேயே நான் சேர்க்கவில்லை. அந்த விலைக்குச் சுமை ஓட்டிச் சம்பாதிக்க முடியாது.

அடுத்து புக்கிங். முற்பணம் கட்டும்போது சொல்லும் விலை எந்த நாளின் விலை என்று எழுத்தில் வாங்குங்கள். இறக்குமதி வண்டியின் விலை டொலரோடும் வரியோடும் சேர்ந்து ஏறி இறங்கும். வற் வரி மட்டுமே 18 சதவீதம். 2022இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியதை மறக்க முடியுமா? விலை கூடினால் விலகலாமா, விலகினால் முற்பணம் முழுதாகத் திரும்புமா என்பதும் ரசீதில் இருக்க வேண்டும். மாடலும் தயாரிப்பு வருடமும் கூட. லீசிங் ஒப்புதலும் நிரந்தரம் இல்லை. காத்திருக்கும் காலத்தில் வண்டி விலையில் எவ்வளவு பங்குக்குக் கடன் தரலாம் என்ற உச்சவரம்பை மத்திய வங்கி குறைத்தால் கைக்காசு இன்னும் தேட வேண்டி வரும்.

வாகனம் விற்கும் யார்ட்டில் தயாராக நிற்கும் வண்டியைக் கூடுதல் விலைக்கு எடுக்கலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்ணெயும் சாரதி கூலியும் நீங்கலாக வாடகை வண்டிக்கு நாளுக்கு 6,000 ரூபாய் என்று வைத்தால், மாதம் 25 நாளுக்கு 150,000. நாலு மாதம் காத்திருந்தால் 600,000. யார்ட்காரர் கேட்கும் மேலதிகம் அதைவிடக் குறைவென்றால் நான் யார்ட்டுக்குத்தான் போவேன். சொந்தத் தேவைக்கு எப்போதாவது ஓடுபவர் புக் பண்ணிவிட்டுப் பொறுத்திருக்கட்டும்.

பழைய வண்டி உடனே கிடைக்கும், ஆனால் இறக்குமதி நின்றிருந்த வருடங்களில் ஓய்வில்லாமல் உழைத்த வண்டி அது. கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் மீன் ஏற்றியதென்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தட்டின் மூட்டு வழியாக இறங்கி செசியில்தான் தங்கும். மேலே புதுப் பெயின்ட் மினுங்கும். கீழே படுத்து, தட்டும் செசியும் சேரும் இடத்தை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சாரதி காலடி விரிப்பையும் தூக்குங்கள். குத்தினால் பொருக்கு உதிர்கிறதென்றால் பேரம் பேசவே வேண்டாம். இரும்புச் சத்தம் கேட்டால் அடுத்தது வண்டியின் பதிவுப் புத்தகம்: லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் அதில் இருந்தால், அதை நீக்கிய பிறகுதான் காசு கொடுக்க வேண்டும்.

மீன் ஓட்டத்துக்கென்றால் என் தெரிவு புது சிங்கிள் கெப், வரும்வரை வாடகை வண்டி. ஊருக்குள் கடை ஓட்டத்துக்கு, உப்புப் படாத பழைய பட்டா கிடைத்தால் புதியதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.