விவசாய நிலத்தைப் ‘பசுமைக் கிராமம்’ என்று விற்கிறார்கள்: சிங்கப்பூர்த் தமிழர்கள் கவனத்திற்கு

தமிழ்நாட்டில் இயற்கையோடு இணைந்த பசுமைக் கிராமம் அமைப்பதாகக் கூறி, சிராங்கூன் சாலைப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் அரங்கில் கூட்டம் நடத்தி மனைகளுக்கு முன்பணம் வாங்கி வருகிறார்கள். அப்படிக் கட்டிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இன்னும் கட்டாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மழைநீர்ச் சேமிப்பு, சூரிய மின்சாரம், ஏரிக்கரையில் நடைபாதை, உள்ளூர் விவசாயிகளுக்கு வேலை என்று அவர்கள் அடுக்கிய அனைத்தும் நான் மனமார விரும்புகிறவை. “அக்கா, இது வெறும் மனை இல்லை, ஊருக்கு நீங்கள் செய்யும் நல்ல காரியம்” என்றார் விற்பனையாளர். பட்டா நகலைத் திரும்பத் திரும்பக் கேட்டும், 8,000 வெள்ளி கட்டிய பிறகே கொடுத்தார்கள்.

அந்தப் பட்டாவில் பரப்பு முழுவதும் நன்செய்ப் பத்தியில் இருந்தது. அதாவது, வருவாய்த்துறைக் கணக்கில் அது இன்றும் வயல். இந்தியாவின் அந்நியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாடுவாழ் இந்தியர்களும் என்னைப் போல ஓசிஐ அட்டை (வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவர்களும் வீடோ வீட்டுமனையோ வாங்கலாமே தவிர, விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு வகையினரே என்பது விற்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே, வாங்க முடியாதவர்களிடம் விற்றிருக்கிறார்கள்.

வீடு, மனைத் திட்டங்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ரெராவின் பதிவு எண்ணைக் கேட்டபோது, “விண்ணப்பித்திருக்கிறோம்” என்றார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய பெரிய மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விற்பது மட்டுமன்று, விளம்பரம் செய்வதே கூடாது. தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் யாரும் இதைச் சரிபார்க்கலாம்.

பிறகு என் தம்பி நேரில் போய்ப் பார்த்துப் படம் அனுப்பினான். ஏரிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலைச் செம்மண் கொட்டி மூடி, அதன்மேல் பச்சை வண்ணம் பூசிய எல்லைக் கற்களை நட்டிருந்தார்கள். ஏரிக்கரை நடைபாதையைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டு, அந்த ஏரிக்கு வரும் தண்ணீரையே அடைத்திருக்கிறார்கள். பணம் போனதைவிட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தண்ணீரை நம்பிக் கீழே வயல் வைத்திருப்பவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைப் படிக்கச் சொன்னார்கள். அதில் நிலம், மனை என்ற பேச்சே இல்லை. இங்கே பதிவான ஒரு நிறுவனத்தின் பெயரில் “ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது” என்று அச்சிட்டிருந்தது. சேவைக்கான கட்டணம் என்று அவர்களே எழுதிக் கொடுத்திருப்பதால், சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம்; ஆனால் 2 ஆண்டுக்குள் மனு செய்தாக வேண்டும்.

வெளிநாட்டுச் சொத்தை இங்கே விற்றுத்தரும் முகவரும், சிங்கப்பூரில் சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சிஇஏவின் பதிவேட்டில் இருக்க வேண்டும்; எங்களிடம் பேசியவரின் பெயர் அதில் இல்லை. இதேபோல் பணம் கட்டியவர்கள் ரசீது, விளம்பரத் தாள், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, காவல்துறையில் புகார் கொடுங்கள். இரண்டாம் தவணை கேட்டு அழைப்பு வந்தால் ஒரு வெள்ளிகூட அனுப்ப வேண்டாம்.